அரையணாவில் தொடங்கிய இலக்கு: பீமராவும் அவரைக் கண்டுகொண்ட கேலுஸ்கரும்

சதாராவில் பள்ளி மாணவராக இருந்தபோது பீமராவ் தமக்கென்று வகுத்துக்கொண்ட முதல் வாழ்க்கை இலக்கு, படிப்பை விட்டுவிட்டுப் பம்பாய்க்கு ஓடிப்போய்ப் பஞ்சாலைத் தொழிலாளி ஆவதுதான். தாய் பீமாபாய் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தை ராம்ஜி சக்பால் மறுமணம் செய்துகொண்டார். தம் தாயின் நகைகளைச் சிற்றன்னை அணிந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் மனம் கொதித்தது. தந்தையின் கையை எதிர்பாராமல் தம் சோற்றைத் தாமே சம்பாதிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சதாராவிலிருந்து போன பையன்கள் பம்பாய் ஆலைகளில் வேலை பார்ப்பதைக் கேள்விப்பட்டிருந்தார். வண்டிச் சத்தத்துக்குத்தான் காசில்லை. அருகில் உறங்கும் அத்தையின் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்துவிடுவது என்று திட்டமிட்டு, மூன்று இரவுகள் முயன்று தோற்று, நான்காம் இரவில் எடுத்தார். பைக்குள் இருந்தது அரையணா.

அரையணாவைக் கொண்டு பம்பாய் போக முடியாது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அவர் திட்டத்தை மாற்றினார்: ஊக்கமாகப் படிப்பது, தேர்வுகளை விரைவாக முடிப்பது, வேலையைத் தேடிக்கொண்டு தந்தையைச் சாராமல் வாழ்வது. அதுவரை பாடத்தில் நாட்டமில்லாத பிள்ளை என்றே ஆசிரியர்கள் அவரைக் கருதியிருந்தனர். இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்து சொல்லியிருக்கிறார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இலக்கு மாறியதுபோல் தோன்றினாலும், அதன் அடியில் இருந்த ஆசை மாறவில்லை. எவரையும் சார்ந்து நிற்கக் கூடாது என்பதே அந்த ஆசை. ஆலை என்பது அந்த வயதில் அவருக்குத் தெரிந்திருந்த ஒரே கதவின் பெயர், அவ்வளவே. இன்று நம் குடியிருப்புகளின் மாலை நேரப் படிப்பு மையங்களில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் திருப்பூருக்கு வேலைக்குப் போகப் போகிறேன் என்று சொன்னால், உடனே அவனுக்கு ஆட்சியர் ஆவது பற்றிய உரை ஒன்று நிகழ்த்தப்படுகிறது. சுவரில் நீலக் கோட்டு அணிந்த அண்ணலின் படம் தொங்குகிறது. அந்தப் படத்தில் இருப்பவரும் அவன் வயதை எட்டும் முன்பே ஒரு திருப்பூரைத் தேடியவர் என்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

அண்ணலின் வாழ்க்கையைப் பட்டங்களின் வரிசையாகச் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்த வரிசை உண்மையானது. நாம் பெருமைப்பட வேண்டியது. ஆனால் அதைத் தனி ஒருவரின் மேதைமையாக மட்டும் சொல்லும்போது, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அது ஊக்கத்தைவிட அச்சத்தையே அதிகம் தருகிறது. ஆகவே இங்கே பட்டங்களைச் சற்று ஒதுக்கி வைத்து, பதின்பருவத்தில் அவரைச் சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்து, பரேல் பகுதித் தொழிலாளர் குடியிருப்பான டபக் சாலில் ஒற்றை அறையில் குடியேறியது. சமையல், பாத்திரங்கள், விறகு, திரிகைக்கல், மூலையில் ஓர் ஆடு எல்லாம் அந்த அறைக்குள்தான். இருவர் ஒரே நேரத்தில் கால் நீட்டிப் படுக்க இடமில்லை. ராம்ஜி ஒரு வழி கண்டார். மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்துவிட்டு, அதிகாலை 2 மணி வரை தாம் விழித்திருப்பார். பிறகு மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அவர் எழுந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். மங்கிய எண்ணெய் விளக்கில் விடியும்வரை படிப்பு நடக்கும். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் பணம் இல்லாதபோது, திருமணமாகிப் போன மகள்களின் வீட்டுக்கு நடந்து சென்று கடன் கேட்பார். பணம் கிடைக்காவிட்டால் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்த நாளில் மீட்டுக் கொடுப்பார். இரு மகன்களையும் படிக்க வைக்க இயலாததால் மூத்தவர் ஆனந்தராவ் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். தம்பியின் படிப்புக்கு அண்ணனின் படிப்பே முதல் விலையாகக் கொடுக்கப்பட்டது. அந்த விலையைப் பற்றி நம் மேடைகளில் அதிகம் பேச்சு எழுவதில்லை.

பள்ளி எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி, அரசுப் பள்ளி, பெயர் பெற்றது. அங்கும் ஒருநாள் ஆசிரியர் அவரைக் கணக்குப் போடக் கரும்பலகைக்கு அழைத்தபோது வகுப்பே எழுந்து ஓடியது. பலகைக்குப் பின்னால் வைத்திருந்த உணவுப் பாத்திரங்களை அவர் நெருங்கும் முன் எடுத்துவிடுவதற்காக. வடமொழி படிக்க விரும்பினார். தீண்டப்படாத மாணவருக்கு அதைக் கற்பிக்க மறுத்ததால் பாரசீகத்தைப் பாடமாக எடுக்க நேர்ந்தது. இத்தகைய பள்ளியில் மாலை மணி அடித்ததும் ஒரு மாணவர் எங்கே போவார்? பீமராவ் சர்னி ரோடு தோட்டத்துக்குப் போனார். அங்கே ஓர் இடத்தில் அமர்ந்து, பாடத்தில் இல்லாத நூல்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதே தோட்டத்துக்கு மாலைதோறும் படிக்க வரும் இன்னொருவர் இருந்தார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர், 1860இல் பிறந்தவர், பிராமணர் அல்லாத மராத்தி எழுத்தாளர், வில்சன் பள்ளியில் ஆசிரியர். புத்தரின் வாழ்க்கை வரலாற்றை மராத்தியில் எழுதி 1898இல் வெளியிட்டிருந்தார். நாள்தோறும் தனியே அமர்ந்து படிக்கும் மாணவரைக் கண்டு, ஒருநாள் அருகில் சென்று யார் என்று விசாரித்தார். சாதியைத் தெரிந்துகொண்ட பிறகும் விலகவில்லை. என்ன படிக்கலாம் என்று எடுத்துச் சொல்லவும், தம்மிடம் உள்ள புத்தகங்களை இரவல் கொடுக்கவும் தொடங்கினார். பட்டியல் போட்டால் மிகச் சிறிய உதவி. ஆனால் கரும்பலகையின் அருகில் போகவே விடாத ஒரு நகரத்தில், அவர் கையில் புத்தகத்தை நேராகக் கொடுத்த கை அது.

பீமராவ் தேர்வில் வென்றதைச் சமூகத்தார் விழா எடுத்துக் கொண்டாட விரும்பினர். இந்த விழா பற்றி இரு வரலாறுகள் உள்ளன. வாழ்க்கை வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் இதை 1907ஆம் ஆண்டின் மெட்ரிகுலேஷன் தேர்ச்சியோடு சேர்த்துச் சொல்கிறார். சீதாராம் கேசவ் போலே தலைமை தாங்கினார் என்கிறார். அண்ணலோ தம் இறுதி ஆண்டில் எழுதிய முன்னுரை ஒன்றில், ஆங்கில நான்காம் வகுப்பு முடித்தபோது நடந்த கூட்டம் என்றும், கேலுஸ்கரே தலைமை வகித்தார் என்றும் எழுதினார். சட்டம் படித்த நமக்குச் சாட்சியங்கள் முரண்பட்டால் நின்று பார்க்கும் பழக்கம் உண்டு. இரண்டும் ஒத்துப்போகிற இடமே நமக்கு முக்கியம்: கேலுஸ்கர் அந்த மேடையில் இருந்தார், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அந்த மாணவர் கையில் பரிசாகக் கொடுத்தார்.

முன்னுரை தரும் ஒரு செய்தி கீரிடம் இல்லை. ராம்ஜி அந்த விழாவை விரும்பவில்லை. புகழ்ந்தால் பையனுக்குத் தலைக்கனம் ஏறும் என்று அஞ்சினார். விழாக்காரர்கள் அவருடைய நண்பரான கேலுஸ்கரிடம் முறையிட்டனர். கேலுஸ்கர் தந்தையிடம் வாதாடி இசையச் செய்தார். தந்தையின் அச்சம் பொருளற்றதல்ல. மற்ற சமூகங்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் நான்காம் வகுப்பு பெரிய எல்லை அல்ல என்பதைப் படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர் அறிந்திருந்தார். ஆனால் அந்தக் கூட்டம் பீமராவுக்காக மட்டும் நடந்ததல்ல. தங்கள் பிள்ளை ஒருவர் அந்தப் படியை எட்டியதைக் கண்ணால் பார்க்க வேண்டிய தேவை ஒரு சேரிக்கு இருந்தது. கேலுஸ்கர் இதைப் புரிந்துகொண்டார் என்றே நாம் கருதுகிறோம்.

பரிசாக வந்த நூலைப் படித்துவிட்டு மகன் தந்தையிடம் வழக்குக்குப் போனார். ராம்ஜி கபீர் நெறியில் நின்றவர். பிள்ளைகளை இராமாயணமும் மகாபாரதமும் படிக்கச் செய்தவர். இவற்றை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள், புத்தரை ஏன் காட்டவில்லை என்பது மகனின் கேள்வி. தாழ்வு மனப்பான்மை பிள்ளைகளைப் பிடித்துவிடக் கூடாது, எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர்களை அக்கதைகளில் காணலாம் என்பது தந்தையின் விடை. துரோணரையும் கர்ணனையும் வால்மீகியையும் சுட்டினார். மகன் ஏற்கவில்லை. பீஷ்மரும் துரோணரும் கிருஷ்ணரும் இராமரும் தமக்கு ஏன் உவப்பில்லை என்று ஒவ்வொருவராக எடுத்து வாதிட்டார். தந்தை மௌனமானார், அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. வழிகாட்டுபவர் கொடுத்த நூலைக் கொண்டே இளையவர் வீட்டின் நம்பிக்கையைக் குறுக்கு விசாரணை செய்வதும், வீடு அதைப் பொறுத்துக்கொள்வதும் எளிதில் நடப்பவை அல்ல.

போலேயின் பெயரை இங்கே கடந்து போக நமக்கு மனமில்லை. பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதாருக்கும் திறந்தவை என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் நிறைவேற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவரே. 1927இல் மகாடில் சவுதார் குளத்தின் நீரை அண்ணல் அள்ளியபோது அவருக்குப் பின்னே நின்றது அந்தத் தீர்மானம்.

மெட்ரிகுலேஷனில் அவர் பெற்றது 750க்கு 282. நூற்றுக்கு 38ஐயும் தொடாத மதிப்பெண். தேர்வு முடிவு வந்த நாளில் தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளத் துடிக்கும் மாணவர்கள் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஏறத்தாழ இதே காலத்தில், சந்தைக் கொட்டகை ஒன்றில், வியாபாரம் முடிந்த இரவில் ரமாபாயோடு திருமணமும் முடிந்திருந்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். கல்லூரி உணவக உரிமையாளர் அவருக்குத் தேநீரோ தண்ணீரோ தரவில்லை. பேராசிரியர் முல்லர் புத்தகங்களும் உடைகளும் கொடுத்தார். இன்டர்மீடியட் படிப்பு முடிந்த கட்டத்தில் ராம்ஜியின் கை முற்றாக வறண்டது. படிப்பு அங்கேயே நின்றிருக்கும்.

அப்போது கேலுஸ்கர் மறுபடியும் வருகிறார். தகுதியுள்ள தீண்டப்படாத மாணவர் எவருக்கும் மேற்படிப்புக்கு உதவுவதாகப் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் பொதுக்கூட்டமொன்றில் கூறியிருந்தார். மேடையில் சொல்லப்பட்ட வாக்கு மாணவரின் வீட்டுக் கதவைத் தானே வந்து தட்டுவதில்லை. கேலுஸ்கர் அந்த வாக்கை நினைவில் வைத்திருந்து, மன்னரைச் சந்திக்க நேரம் பெற்று, பீமராவை அழைத்துக்கொண்டு போய் நிறுத்தினார். மன்னர் கேள்விகள் கேட்டார். பதில்களில் நிறைவு கண்டார். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை உறுதியானது. கேள்விகளுக்கு விடை சொன்னவர் பீமராவ்தான். அந்த அறைக்குள் அவர் நிற்பதற்கான ஏற்பாட்டைச் செய்தவர் கேலுஸ்கர்.

இன்றைக்கு இந்த வேலை வேறு உருவத்தில் இருக்கிறது: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இ-சேவை மையத்து வரிசை, ஆதாரோடு இணைக்கப்படாத வங்கிக் கணக்கு, கடைசித் தேதி. ஒரு பிள்ளையின் கனவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர்கள் நம்மிடையே பலர் உண்டு. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அவரோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்பவர்கள் குறைவு. வழிகாட்டுதல் என்ற சொல்லுக்கு உரியவர்கள் இரண்டாமவர்களே என்பது நம் துணிபு.

பட்டப்படிப்பை முடித்த பீமராவ் 1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணிக்குச் சென்றார். ராம்ஜிக்கு அதில் விருப்பமில்லை. பரோடாவில் மகனுக்கு என்ன காத்திருக்கிறது என்பதை அவர் ஊகித்திருந்தார். சில நாள்களிலேயே தந்தை நோயுற்றதாகத் தந்தி வந்தது. திரும்பும் வழியில் தந்தைக்கு இனிப்பு வாங்கச் சூரத் நிலையத்தில் இறங்கியவர் ரயிலைத் தவறவிட்டு, ஒருநாள் தாமதமாக வந்தார். மகனைக் கண்ட பிறகே ராம்ஜியின் உயிர் பிரிந்தது. அது 1913 பிப்ரவரி 2.

அதே ஆண்டு ஜூன் 4ஆம் நாள் பரோடா அரசோடு அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். மூன்றாண்டுகள் அமெரிக்காவில் படிக்க மாதம் பதினொன்றரைப் பவுன். பதிலுக்குப் பத்தாண்டுகள் பரோடாவில் பணி. 22 வயது இளைஞர் மூன்றாண்டுக் கல்விக்காகத் தம் வாழ்வின் பத்தாண்டுகளை அடகு வைத்தார் என்று வழக்கறிஞர் கண்ணால் இதைப் படிக்கலாம். உதவுபவருக்கும் ஓர் இலக்கு உண்டு; அது உதவி பெறுபவரின் இலக்கோடு எப்போதும் பொருந்துவதில்லை. சாயாஜிராவ் காலத்தை மீறிய நல்லரசர்தான்; ஆனாலும் அவர் கேட்டது தம் சமஸ்தானத்துக்கு ஓர் அதிகாரியை. கேலுஸ்கர் ஒப்பந்தம் எதையும் நீட்டியதில்லை.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் சமூகவியலும் வரலாறும் மானிடவியலும் பயின்று 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பெற்றோர் பிள்ளைகளுக்குப் பிறப்பை மட்டுமல்ல, வாழ்வின் போக்கையும் வகுத்துத் தர முடியும் என்றும், ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் படிக்க வைத்தால் நம் முன்னேற்றம் விரைவுபடும் என்றும் தந்தையின் நண்பர் ஒருவருக்கு அங்கிருந்து கடிதம் எழுதினார். தாமே இன்னும் மாணவராக இருந்த நிலையில், ஊரில் உள்ள அடுத்த பிள்ளைகளைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். 1916இல் லண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டு, ஒப்பந்தத்தின்படி பரோடா திரும்பினார்.

பரோடாவில் நடந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். அலுவலக ஊழியர்கள் கோப்புகளைத் தூர நின்று மேசைமீது எறிந்தனர். பெயரை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கியவரைப் பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. நண்பர்கள் இருவரும் வீட்டில் இடம் தரவில்லை. பூங்காவில் அமர்ந்து அழுதுவிட்டு இரவு ரயிலேறினார். கேலுஸ்கர் அப்போதும் ஓய்ந்துவிடவில்லை. மன்னருக்கு முறையிட்டார், திவானால் எதுவும் செய்ய இயலவில்லை. பரோடாவில் இருந்த தம் பேராசிரியர் நண்பர் வீட்டில் கட்டணம் செலுத்தித் தங்க ஏற்பாடு செய்தார். அதை நம்பிப் பீமராவ் மீண்டும் பரோடா நிலையத்தில் இறங்கியபோது, தம் மனைவி இசையவில்லை என்ற அந்தப் பேராசிரியரின் கடிதம் கையில் கொடுக்கப்பட்டது. அடுத்த ரயிலில் பம்பாய் திரும்பினார்.

நல்லெண்ணம் கொண்ட ஒருவர் தம் தொடர்புகள் அனைத்தையும் பயன்படுத்தியும் சாதியிடம் தோற்ற இடம் இது. தனிமனித வழிகாட்டலின் எல்லை இவ்வளவுதான் என்பது அந்தக் கடிதத்தில் தெரிந்தது. மன்னர் வகுத்த இலக்கு அங்கே உடைந்தது. பீமராவின் சொந்த இலக்கு உடையவில்லை. சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நவல் பாத்தேனா என்ற பார்சி நண்பரிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கி, கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியோடு 1920இல் லண்டன் திரும்பினார். 1922இல் வழக்கறிஞராகவும் 1923இல் பொருளாதார முனைவராகவும் ஆனார். மிச்சம் பிடித்த பணத்தின் மறுபக்கத்தில் ரமாபாயின் அரைவயிற்று ஆண்டுகள் இருந்தன.

அதன் பிறகு, யாரோ ஒருவர் தோட்டத்தில் கண்டுகொள்வார் என்று அடுத்த பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம் என்ற திசையில் அவர் உழைத்தார். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை. அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி. வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசிடம் 3 லட்சம் ரூபாய் ஒதுக்கச் செய்தார். 1944இல் தொடங்கிய மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை இன்றுவரை தொடர்கிறது. 1945இல் மக்கள் கல்விக் கழகம், 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950இல் ஔரங்காபாத்தில் ஒரு கல்லூரி. மன்னரின் கருணையாக வந்த 25 ரூபாய், மாணவர் கேட்டுப் பெறும் உரிமையாக மாறிய கதை இது. அந்த உரிமையின் செலவில் ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று பங்கிட்டுக்கொள்வது என 2020 டிசம்பரில் முடிவானது. கல்லூரி அலுவலகத்தில் கட்டணம் கேட்டு நிறுத்தி வைக்கப்படும் மாணவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். யாரிடம் கேட்பது என்பது அப்போதுதான் தெரியும்.

கேலுஸ்கர் 1934இல் இறந்தார். அடுத்த ஆண்டு இயோலாவில், இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அண்ணல் அறிவித்தார். பரிசாகப் பெற்ற நூலின் பாதையில் அவர் நாக்பூர் தீட்சை மண்டபத்தை அடைய மேலும் 21 ஆண்டுகள் ஆயின. தம் புத்த நூலுக்கு 1956 ஏப்ரல் 6 தேதியிட்டு எழுதிய முன்னுரையில், புத்தரிடம் தாம் எப்படி வந்தோம் என்று விளக்கும்போது, அந்த மாலைக் கூட்டத்தையும் தந்தையோடு நடந்த வாதத்தையும் தாதா கேலுஸ்கரின் பரிசையும் விரிவாகப் பதிவு செய்தார். டிசம்பர் 6இல் மறைந்தார். அடுத்த ஆண்டு நூல் வெளிவந்தபோது அந்த முன்னுரை அதில் இடம்பெறவில்லை. பல ஆண்டுகள் கழித்து பகவான் தாஸ் தொகுத்து வெளியிட்ட பிறகே வாசகர்கள் அதைப் படிக்க முடிந்தது.